ஆகக் கேவலமான தோல்விக்கு ஒரு ஓட்டு

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது லமார் டிட்வெல்லின் இரத்த அழுத்தம். திங்கட்கிழமை காலை என் மருந்துக்கடைக்கு வந்து கையை நீட்டி, "அளந்து பாருங்க மிஸ் கோதை, தலைக்குள்ள தவில் அடிக்குது" என்றார்.*

அளந்தேன். ஏறித்தான் இருந்தது. சனிக்கிழமை எங்கள் கல்லூரி அணி தோற்ற தோல்விக்கு ஊரில் யாருக்கும் ஏறாமல் இருந்தால்தான் அதிசயம் என்று ஆறுதல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"தோத்ததுக்கு இல்லீங்க. இது என் தோல்வியவிடப் பெருசுன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாங்க. நெசமாவா?"

தோற்பதிலும் தோற்றுவிடுவோமோ என்று பயந்து மாத்திரை வாங்க வந்த மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அன்று மதியமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(* தவில் நான் போட்டது. அவர் சொன்னது வேறு வாத்தியம். 'மிஸ்' மட்டும் அவருடையதே. மிசிசிப்பியில் கல்யாணமாகிப் பேரன் எடுத்தாலும் பெண்பிள்ளை மிஸ்தான்.)

2

முதல் தொடக்கம்: "பெல்ஃபோர்ட் நகரத்தின் இலையுதிர்கால வானம் அன்று தோல்வியின் நிறத்தில்..."

நிறுத்திவிட்டேன். வானம் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "கொக்குகள் மறுபடியும் தோற்றன."

கொக்குகள் என்பது எங்கள் அணியின் பெயர். இந்த வாக்கியத்தை வைத்து எந்தச் சனிக்கிழமையையும் தொடங்கலாம் என்பதால் இதையும் விட்டேன்.

மூன்றாம் தொடக்கம் மேலே நீங்கள் படித்தது. மாத்திரை வாங்குவதில் தொடங்குகிற கதை எங்கே போகும் என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், எனக்கும் இருந்தது.

3

இன்னொரு தலைவலி. 'கால்பந்து' என்று நான் எழுதினால் நீங்கள் வேறு ஆட்டத்தை நினைப்பீர்கள். இங்கே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், கட்டிப் புரள்வார்கள். எப்போதாவது ஒருவன் வந்து, இரண்டு கொம்பு முளைத்த மஞ்சள் கம்பத்துக்கு நடுவே போகும்படி பந்தை உதைப்பான். மற்றபடி காலுக்கு வேலை ஓடுவதுதான். ஆனால் எங்கள் ஊரின் இரண்டு மகத்தான அவமானங்களும் காலால் வந்தவை. ஆகவே கால்பந்து என்றே வைத்துக்கொள்கிறேன்.

இவர்கள் எல்லாரும் மதுரைப் பக்கத்து ஆட்கள் மாதிரிப் பேசுகிறார்களே என்று கேட்பீர்கள். நான் மதுரைக்காரி. வேறு தமிழில் லந்து பண்ண எனக்கு வராது.

4

அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொடிக் கல்லூரிக்குப் பணம் கொடுத்து, வந்து எங்களிடம் தோற்றுவிட்டுப் போகச் சொல்வது வழக்கம். ஊருக்கு ஊர் இருக்கிற வழக்கம்தான். இந்த முறை ப்ளம் ஹாலோ என்றொரு கல்லூரி, இரவல் வாங்கிய பேருந்தில் வந்தது. கடைசி நிமிடம்வரை சமமாக ஆடியது. கடைசியில் எங்கள் பையன் கம்பத்துக்குக் கிட்டே நின்று ஒரு உதை விட்டால் ஜெயித்துவிடலாம் என்ற நிலை. உதைத்தான். பந்து எங்கள் ஆள் ஒருவனின் பின்பக்கத்தில் பட்டு, துள்ளி, ப்ளம் ஹாலோக்காரன் கையில் போய் உட்கார்ந்தது. அவன் மைதானத்தின் அடுத்த முனைவரை ஓடிப் புள்ளி எடுத்து ஜெயித்துவிட்டான். பாதி தூரத்துக்குமேல் துரத்தக்கூட ஆளில்லை.

உதைத்த பையனின் பெயர் கோல்.

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். முதல் பிரதியில் அவனுக்கு பென்னட் என்று பெயர் மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பந்தை உதைக்கிறவனுக்கு கோல் என்று பெயர் இருப்பதில் உள்ள வேடிக்கை இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் வாயில் அது வேறு ஒலி, பந்து உள்ளே போவது வேறு ஒலி. தமிழில் எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே கண்ணில் பட்டது. இருபது வயதுப் பையன், கோல் ஹக்கபி, கோல் போட முடியாமல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

5

ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்து கூடுகிற ஆட்டம் ஒன்று ஆண்டுதோறும் உண்டு. அன்று காலை மைதானத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், ஓடெல் க்ரம்ப் தன் வண்டியின் பின்கதவை இறக்கி, பன்றி விலாவை அடுப்பில் ஏற்றுவார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், லமாரின் கூட்டாளி. நாங்கள் பதினைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொக்குகளின் தோல்விகளை ஒவ்வொன்றாக எடுத்து உரிப்போம். கடைசியில் ஓட்டு. ஆகக் கேவலமான தோல்வி எது? வேகவைத்த நிலக்கடலைதான் ஓட்டுச்சீட்டு. ஆளுக்கு ஒன்று.

இந்த ஆண்டு அது மறு சனிக்கிழமையே வந்தது. இந்த முறையும் ஓடெல்தான் தொடங்கினார்.

"என்னயும் கணக்குல சேருங்கப்பா. ஆடித் தோத்தவன் ஆயிரம் பேரு இருக்கான். ஆடாமயே தோத்தது என் பஸ்ஸு ஒண்ணுதான்."

அணியை ஏற்றிக்கொண்டு, அதே பெயருள்ள வேறோர் ஊருக்கு ஓட்டிப் போனவர் அவர்.

"போய் எறங்கி, மைதானம் எங்கன்னு கேட்டா, ஒரு அம்மா சர்ச்சு விருந்துப் பக்கம் கைய காட்டுது. பயலுக அங்க போய் வயிறு முட்ட சாப்ட்டுத்தான் திரும்புனானுக."

"மைதானத்துல தண்ணி தெளிக்கிற குழாய் தானா தொறந்துச்சே, அத விட்டுட்டீங்க" என்றது ஒரு குரல்.

"நம்மாளு தனியா ஓடுறான், முன்னாடி ஒரு ஈ காக்கா இல்ல, புஸ்ஸுன்னு தண்ணி! அப்புடியே வழுக்கிட்டுப் போயி நம்ம கோச்சு காலுக்குள்ள..." என்று இன்னொருவர் எடுத்துக்கொண்டார்.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. லமார் மட்டும் கடலையை உரித்துக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தார்.

6

லமாரின் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். 1987. இருபதுக்குப் பதினெட்டு என்று நாங்கள் முன்னால். நேரம் முடிந்தது. கூட்டம் வேலியைத் தாண்டிக் குதித்தது. ஜெயித்தால் அந்த மஞ்சள் கம்பத்தைப் பிடுங்குவது வழக்கம். அதில் முதலில் ஏறியவர் லமார். பின்னாலேயே ஐம்பது பேர் தொங்க, கம்பம் பெயர்ந்தது. ஊர்வலமாகக் கொண்டுபோய் ஒக்காலா ஆற்றில் போட்டார்கள். ஆடிப்பாடித் திரும்பி வந்தால், நடுவர் நின்றுகொண்டிருக்கிறார். கடிகாரத்தில் இன்னும் ஒரு நொடி பாக்கியாம். கூட்டம் மைதானத்துக்குள் வந்ததற்குத் தண்டனையாக, பந்து எங்கள் எல்லைக்கு இன்னும் பக்கத்தில் வைக்கப்பட்டது. எதிரணி உதைக்க வேண்டும், கம்பத்துக்குள் போனால் மூன்று புள்ளி. உதைக்கக் கம்பம் இல்லை. என்ன செய்வது? திசையை மாற்றி, எதிர்முனைக் கம்பத்தைப் பார்த்து உதைக்க விட்டார்கள். அந்தப் பக்கம் காற்று அவர்களுக்குச் சாதகம். இருபத்தொன்றுக்கு இருபது.

ஜெயித்த ஆட்டத்தை ரசிகர்களே தோற்கடித்தது உலகத்தில் வேறு எங்கும் உண்டா என்று லமார் கேட்பார்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். முதலில் ஏறியது அவர்தானா? அன்று அந்தக் கம்பத்தில் ஐம்பது பேர் தொங்கினார்கள், "நான்தான் முதல்" என்று சொல்கிறவர் இவர் ஒருவரே. இவர் செய்கிற தொழிலோ வீட்டுக் கூரைத் தகரக்கால்வாய்களில் அடைத்த இலையை வாருவது. எந்நேரமும் ஏணியில் நிற்பவர். சாலையில் போகிறவர்கள் எல்லாம் வண்டியை மெதுவாக்கி, "ஏறாதடா லமாரு!" என்று கத்துவார்கள். அவர் வாளியைத் தூக்கிக் காட்டுவார். அந்தச் சத்தம் இல்லாமல் அவருடைய ஒரு நாள்கூடப் போனதில்லை. அது நின்றுவிட்டால் அவர் வெறும் இலை வாருகிறவர்.

போட்டுடைத்துக் கேட்டுவிடலாமா என்று யோசித்தேன். (கேட்டதாக ஒரு பத்தி எழுதி, கிழித்தும் விட்டேன். கேட்பது கதைக்கு நல்லது. லமாருக்கு நல்லதல்ல.)

7

லமார் கதையை முடிக்கவும், முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் வாழைப்பழப் புட்டிங் தட்டோடு வந்து நின்றாள். சட்டை முதுகில் 'ஹக்கபி' என்று எழுதியிருந்தது. கோலின் அம்மா, ட்வைலா. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

"நிப்பாட்டாதீங்க. எம்மவன் கதைய எப்பச் சொல்லுவீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

ஓடெல் எழுந்து நாற்காலி கொடுத்தார். "அம்மா, நாங்க சும்மா வெளயாட்டுக்கு..."

"வெளையாட்டுதான எனக்கும் வேணும். அவன் பெட்டியக் கட்டி வச்சிட்டான். ஆட்டம் முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, காலேஜே வேணாங்கிறான். ஊருக்குள்ள அவனப் பாத்தா எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிறாங்களாம். ஒருத்தரும் ஒரு வார்த்த திட்டக்கூட மாட்டேங்கிறாங்களாம்." புட்டிங்கை நடுவில் வைத்தாள். "வியாழக்கெழம அவனப் பாக்க வந்தப்ப, இந்த அண்ணன் ஏணியில நிக்கிறாரு. போறவன் வர்றவன் பூராம் சத்தம் போட்டுச் சிரிக்கிறான். இவரும் சிரிக்கிறாரு. யாருன்னு வெசாரிச்சேன். ஊரையே தோக்கடிச்ச ஆளாம்! அப்பத்தான் புரிஞ்சுச்சு. மொத எடம் வாங்குனா உங்காளு. ரெண்டாவது எடம்னா வெறும் தோத்தவன். எம்மவனுக்கு மொத எடம் போடுங்க."

லமாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, பையன் மேல எனக்கும் பாசந்தான். அதுக்காகத் தகுதின்னு ஒண்ணு வேணாமா? கால் யாருக்கும் தப்பும். நாங்க கம்பத்தையே ஆத்துல விட்டவங்க!"

"நீங்க அம்பது பேரு சேந்து செஞ்சீங்க. எம்புள்ள ஒத்த ஆளா செஞ்சான்."

"இந்தா, அப்புடிச் சொல்லு!" என்றார் ஓடெல்.

"காசு குடுத்துத் தோக்கக் கூப்ட்டவன்கிட்டயே தோத்திருக்கான். உங்க யாருக்காச்சும் வருமா அது?" ட்வைலா விடவில்லை.

பெற்ற பிள்ளையின் அவமானத்துக்கு ஒரு தாய் இப்படி வீடு வீடாக ஓட்டுக் கேட்பதுபோல் கேட்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன, அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

8

இரண்டு காகிதக் கோப்பைகள். லமாருக்கு ஒன்று, கோலுக்கு ஒன்று. பஸ் கதைக்குக் கோப்பை கேட்ட ஓடெலை உட்காரச் சொல்லிவிட்டார்கள். கடலைகள் விழுந்தன. எண்ணினால் ஏழுக்கு ஏழு. மிச்சம் என் கையிலிருந்த ஒன்று.

"மிஸ் கோதை, வெரசா போடுங்க" என்றார் ஓடெல்.

லமார் என்னைப் பார்த்தார். ட்வைலா என்னைப் பார்த்தாள். எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு நிலைமை வரக்கூடாது. அந்த நேரம் பார்த்து உள்ளே பேண்டு முழங்கியது. கடலையைப் பிடித்தபடியே உள்ளே ஓடினேன்.

9

முடிவு அ: நான் லமாருக்கு ஓட்டுப் போடுகிறேன். பையன் அம்மாவோடு வண்டியில் ஏறிப் போகிறான். (எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்குமேல் கை ஓடவில்லை.)

முடிவு ஆ: லமார் எழுந்து நின்று, கண்கலங்கி, முதலிடத்தைப் பையனுக்கே விட்டுக்கொடுக்கிறார். இதை ஓடெலிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லமாரா? அவன் சாஸ் பாட்டிலக்கூட அடுத்தவனுக்கு நவுத்த மாட்டானே!" அடித்துவிட்டேன்.

முடிவு இ: நடந்தது. ஒரு இடம்வரை.

10

ஆட்டத்தின் கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்னால் இருக்கிறோம். உதைத்து உள்ளே அனுப்பினால் மூன்று. கோல் உதைக்க மைதானத்துக்குள் வந்தான். போன வாரத்தைவிடத் தூரம் அதிகம். என் இடப்பக்கம் லமார், வலப்பக்கம் ட்வைலா.

லமார் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். உள்ளிருந்து முணுமுணுப்புக் கேட்டது.

"ஆண்டவரே, இத மட்டும் உள்ள விட்டுருங்க. மொத எடத்த அந்தப் பயலுக்கே குடுத்துர்றேன். இனிமே கம்பத்துப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

வலப்பக்கம் ட்வைலா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஏசப்பா, உள்ள போகட்டும். மொத எடம் அந்த அண்ணனுக்கே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் வேணாம்."

ஒரே உதைக்கு இரண்டு நேர்ச்சை. பந்து உள்ளே போனால், இவர் அவளுக்குக் கொடுக்க வேண்டும், அவள் இவருக்குக் கொடுக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு மேலே இருப்பவர் என்ன செய்வார் என்று நினைத்தபோதுதான் கவனித்தேன், பதற்றத்தில் என் ஓட்டை நான் தின்றுவிட்டிருந்தேன்.

கோல் ஓடி வந்தான். உதைத்தான். இந்த முறை யாருடைய பின்பக்கத்திலும் படவில்லை. பந்து எழும்பியது.

"என்னாச்சு மிஸ் கோதை?" தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"என்னாச்சுக்கா?" தோளிலிருந்து ஒரு குரல்.

எங்கள் மூவரில் கண்ணைத் திறந்திருந்தது நான் ஒருத்திதான். பார்த்தேன். அவர்களிடம் சொன்னேன். உங்களிடம் சொல்லப்போவதில்லை. பந்து இறங்கிவிட்டால் லமாரோ கோலோ ஒருவர் முதலிடத்தில் உட்கார்ந்தாக வேண்டும், பையன் பெட்டியைப் பிரித்தாக வேண்டும் அல்லது தூக்கியாக வேண்டும். மேலே இருக்கும்வரை, ஒரு முரட்டுக் கிழவரும் ஒரு தாயும் தங்களிடம் இருந்த ஒரே சொத்தை அவனுக்காகக் காற்றில் எறிந்துவிட்டு நிற்கிறார்கள். என் எழுத்தில் நான் இதைவிட நல்ல இடத்துக்கு வந்து சேர்ந்ததில்லை.

பந்தை நான் இறக்க மாட்டேன். உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.