மிஸஸ் ஹமாடாவின் படிப்புச் சாமி

எழுபத்து நான்காம் வருஷம் நானும் என் மனைவி வசுமதியும் அமெரிக்காவில் வோபர்ன் என்ற ஊரில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரி மிஸஸ் ஹமாடா ஜப்பானியப் பெண்மணி. அவள் சமையலறைச் சுவரில் கைப்பெட்டி அளவில் அவர்களுடைய ஷிண்டோ மதத்துக் கோயில் ஒன்று இருந்தது. உள்ளே இருப்பவர் படிப்புக்கான சாமி என்றாள். எனக்கு அது போதும். தினமும் காலையில் மேலே போவேன். அவள் இரண்டு முறை கைதட்டிக் கும்பிடும்போது நான் பக்கத்தில் நின்று தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போடுவேன். ஒரு நாளும் அவள் சிரித்ததில்லை.

வேண்டுதல் வசுமதிக்காக. மெட்ராஸில் அவள் டாக்டர். இங்கே லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் ஆயுசுக்கும் லாபரட்டரியில் சோதனைக் குழாய் கழுவ வேண்டியதுதான்.

சரஸ்வதி பூஜை வந்தது. விடியற்காலையில் குளித்துவிட்டுப் புத்தகங்களையெல்லாம் மேலே கொண்டுபோனேன். மிஸஸ் ஹமாடா கோயிலுக்குக் கீழே மேஜை போட்டுக் கொடுத்தாள். அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பரீட்சை மறுநாள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

"என்ன காரியம் பண்ணிட்டேள்? கடைசி ரெண்டு அத்தியாயம் இன்னும் பாக்கலை," என்றாள் வசுமதி. "இனிமே நாளைக் காலம்பற வரைக்கும் தொடப்படாது, படிக்கப்படாது."

எடுத்துப் படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. படியில் உட்கார்ந்து அழுதாள்.

மிஸஸ் ஹமாடா விஷயத்தைக் கேட்டாள். "நீங்கள் படிக்கக் கூடாது, சரி. நான் வாசித்தால் காதால் கேட்கலாமா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

மிஸஸ் ஹமாடா சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தடிப் புத்தகத்தை எடுத்தாள். சாயங்காலம் வரை வாசித்தாள். வாயில் நுழையாத வியாதிப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். வசுமதி கண்ணை மூடியபடியே திருத்துவாள். அன்றைக்குச் சமையல் நான்தான். இருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள், பாவம்.

வசுமதி பாஸ். செய்தி வந்த அன்றே பழத்தட்டோடு போய் மிஸஸ் ஹமாடாவின் காலில் விழப்போனோம். அவள் பதறித் தடுத்தாள். பிறகு வசுமதியின் எதிரே நின்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"யுத்தத்தில், ஜப்பானியர் என்பதற்காக இந்த அரசாங்கம் எங்களை முகாமில் அடைத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. படிப்பு அதோடு நின்றது. நான் டாக்டராக வேண்டும் என்று அதுவரை இந்தச் சாமியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்," என்றாள். "முப்பது வருஷம் கழித்து, டாக்டர் புத்தகம் படிக்க ஒரு நாள் கொடுத்திருக்கிறார். உன்னால்தான்."