தலைவரிடம் மிச்சமிருந்த சொல்

மாநிலச் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் என்று அறிவித்தபோது அந்தக் குடும்பத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்பாளர்கள் யார் யார் என்று தெரிந்த பிறகுதான் சாப்பாட்டு மேசை இரண்டுபட்டது. மூத்த மகள் சட்டமன்றத்துக்கு நிற்கிறாள். இளையவளின் கணவர், அதற்கு நேர் எதிரான கட்சியில், நாடாளுமன்றத்துக்கு நிற்கிறார். இருவருக்கும் வாக்குக் கேட்க வேண்டியது ஒரே ஊரில்.

மூத்தவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தாள். ஊரே அவளை மருந்தக்கா என்றுதான் கூப்பிட்டது. கட்சியும் சுவரொட்டியில் அப்படியே போட்டுவிட்டது. இளையவளின் கணவர் வக்கீல். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடுவார். மருந்தக்காவின் கணவர் மின்வேலைக்காரர். அரசியல் என்றால் காத தூரம் ஓடுகிறவர்.

"சகலை, நீங்க நாட்டப் பாருங்க, இவ மாநிலத்தப் பாக்கட்டும். நான் வீட்டுல ஃபியூஸ் போகாம பாத்துக்கறேன்" என்று அவர் வக்கீலின் தோளைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

சக்கர நாற்காலியில் மேசையோரம் இருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஊர் முழுக்க அவரைத் தலைவர் என்றுதான் சொல்லும். பேருந்து ஓட்டுநர் சங்கத்தை வளர்த்தவர் அவர். பணிமனையைத் தனியாருக்கு விற்க அரசு கிளம்பிய காலத்தில், வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, விற்பனை உத்தரவை அரசு திரும்பப் பெற்ற பிறகே எழுந்தவர். இப்போது அவருக்கு வலது கையும் வலது காலும் வராது. பக்கவாதம் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்திருந்தது. ஆமா.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்: "நாம பேசுறது முக்கால்வாசி அவருக்குப் புரியுது. ஆனா இல்லன்னு சொல்ல நெனச்சாலும் வாயில ஆமான்னுதான் வரும். அவரோட இடது கையப் பாருங்க. வேண்டாம்னா கையாலதான் சொல்லுவார்."

அப்படியே ஆயிற்று. வேண்டாததை இடது கையால் தள்ளுவார். வாய் ஆமா என்று சொல்லிக்கொண்டிருக்கும், கை தட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு மேசையில் மருந்தக்கா ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னாள். "யார் வேணா ஜெயிங்க, யார் வேணா தோத்துப் போங்க. அப்பாவ இதுக்குள்ள இழுக்கக் கூடாது."

"என்னக்கா இது, சொல்லணுமா? அவர் எனக்கும் அப்பாதான்" என்றார் வக்கீல்.

பணிமனையை விற்கும் பேச்சு மறுபடியும் கிளம்பியிருந்த நேரம் அது. விற்றால் என்ன என்றது வக்கீலின் கட்சி. கூடாது என்றது மருந்தக்காவின் கட்சி. ஊரில் பாதி வீடுகளில் ஓட்டுநரோ நடத்துநரோ பழுதுபார்ப்பவரோ இருந்தார்கள். தலைவர் யார் பக்கம் என்பதுதான் தேநீர்க்கடைப் பேச்சாக இருந்தது. அவர் வாய் திறந்து சொல்ல முடியாது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

அப்பா மூத்தவள் வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இளையவள் வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போவாள். அப்படி ஒரு ஞாயிறு கழிந்த பிறகு, ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் கடை மேடையில் ஒரு துண்டறிக்கையைப் போட்டார்.

"என்னம்மா, தலைவரே அந்தப் பக்கம் போயிட்டாரா?"

படத்தில் வக்கீல் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் அப்பாவின் கை. 'தலைவரின் கை என் தோளில்' என்று மேலே பெரிதாக அச்சிட்டிருந்தது. மருந்தக்கா இரண்டு முறை பார்த்தாள். அது வலது கை.

கடையைப் பாதி மூடிவிட்டு உள்ளே போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

"கேமராவ யாருடி உள்ள விட்டது?"

"சும்மா குடும்பப் படம்னுதான்க்கா எடுத்தாங்க. அதப் போய் இவங்க…"

"வலது கைடி அது. தானா எந்திரிச்சு உன் புருஷன் தோள்ல போய் உக்காந்துச்சா?"

இளையவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீ மட்டும் என்னக்கா? மேடைக்கு மேடை தலைவரோட பொண்ணு, தலைவரோட பொண்ணுன்னு சொல்லல? அதுக்கு அப்பாகிட்ட கேட்டியா?"

மருந்தக்கா போனை வைத்துவிட்டாள். சொன்னது உண்மை என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

அவளுடைய பிரச்சாரத்தைக் கவனித்துக்கொள்ளக் கட்சி அனுப்பிய ஒருவன் இருந்தான். மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு மேலேயே ஏற்றி வைத்திருப்பான். அவளுடைய கணவர் அவனுக்கு நெத்திக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார். துண்டறிக்கையைப் பார்த்ததும் அவன் பதறவில்லை. "அவங்க கைய எடுத்துக்கிட்டாங்க. நாம வாய எடுத்துக்குவோம்" என்றான். "ஒரு நிமிஷ வீடியோ. நீங்க கேளுங்க, அவர் ஆமான்னு சொல்லட்டும்."

"அவர் எதுக்கும் ஆமான்னுதான்யா சொல்லுவார்" என்றார் மின்வேலைக்காரர். "நீங்க குதிரையா மாமான்னு கேட்டுப் பாரு. அதுக்கும் ஆமாதான்."

"அண்ணே, நாம பொய் சொல்லச் சொல்லலயே? அவர் போராடுனது நெஜம். விக்கக் கூடாதுன்னு சொன்னது நெஜம். அதையேதான் திரும்பக் கேக்கப் போறோம்."

மின்வேலைக்காரர் மனைவியைப் பார்த்தார். "நீயே சொல்லு. மேசையில என்ன பேசுன?"

"அவங்க மீறிட்டாங்கல்ல" என்றாள் அவள். அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். தலை வாரிவிட்டாள். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "முகம் மட்டும் வந்தாப் போதும்" என்று நெத்திக்கண்ணாடி படம் எடுப்பவனிடம் சொன்னான்.

"அப்பா, பணிமனைய விக்கக் கூடாதுதானேப்பா?"

"ஆமா."

குரல் பழைய குரலாகவே இருந்தது. அவளுக்கே சிலிர்த்தது.

"அதுக்குத்தானேப்பா நான் நிக்கறேன்? நான் ஜெயிக்கணும்தானே?"

அப்பா கேமராவைப் பார்த்தார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் மடியில் இருந்த இடது கை அசைந்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. தள்ளுகிற அசைவு. அவள் அந்தக் கையின் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றார் அவர். "ஆமா. ஆமா. ஆமா." கண்ணிலிருந்து நீர் வழிந்து வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

நெத்திக்கண்ணாடி முதல் முறையாகக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கித் திரையைப் பார்த்தான். "போதும். இதுக்கு மேல வேண்டாம்" என்றான்.

அன்று சாயங்காலத்துக்குள் அது எல்லாருடைய கைப்பேசியிலும் ஓடியது. பழைய ஓட்டுநர்கள் அழுதார்கள். கடைக்கு வந்த பெண்கள் மருந்தக்காவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வக்கீலின் கட்சிக்காரர்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வக்கீல் மட்டும் போன் செய்தார். "சரியாப் போச்சுக்கா. இனிமே அப்பா விஷயத்துல நீங்களும் பேச முடியாது, நாங்களும் பேச முடியாது" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

ராத்திரிச் சாப்பாடு ஊட்டும்போது, "போதுமாப்பா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் காலையிலும் வரவில்லை. "தண்ணி வேணுமா? வெளிய கூட்டிட்டுப் போகட்டுமா? அப்பா?" அவர் வாயை மூடியபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் பக்கவாதமோ என்று பயந்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலையைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், புதிதாக எதுவும் இல்லை என்றார். "சில பேர் முயற்சி பண்றதையே விட்டுடுவாங்க. வீட்டுல எதாவது மனக்கஷ்டமா?"

மருந்தக்கா கணவரைப் பார்க்காமல், "தேர்தல் நேரம், வீட்டுல கொஞ்சம் கூட்டம்" என்றாள்.

பிரச்சாரத்தின் கடைசிக் கூட்டம் பேருந்து நிலையத்திலேயே நடந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அவள் மேடை ஏறினாள். ஆனால் மைக்கைப் பிடிக்கும் முன்பே கூட்டம் ஆமா, ஆமா என்று கத்த ஆரம்பித்துவிட்டது. அந்தச் சொல்லை யாரோ கோஷமாக்கியிருந்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையில்கூட அச்சடித்திருந்தார்கள். அவள் தடுமாறி, "பணிமனைய விக்க விடலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஆமா!" என்றது கூட்டம். உடனே தவறு புரிந்து, கூட்டம் முழுக்க ஒரே சிரிப்பு. நெத்திக்கண்ணாடி ஓடிவந்து காதில் சொன்னான்: "கேள்விய மாத்திக் கேளுங்கக்கா." அவள் மாற்றிக் கேட்டாள். அதன் பிறகு சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லையா, சொல்லாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்ததா என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறாள்.

வாக்கு எண்ணிக்கை அன்று மத்தியானம் அவள் ஜெயித்தாள் என்றார்கள். சாயங்காலம் வக்கீலும் ஜெயித்தார் என்றார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே தெருவில் எதிரெதிராக ஊர்வலம் வந்து, நடுவில் மாட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார்கள்.

சில நாள் கழித்து அந்த ஓய்வுபெற்ற நடத்துநர் கடைக்கு வந்தார். "தலைவர் ரெண்டு பேருக்கும் சொல்லிட்டாரேம்மா! அதான் வீட்டோட இங்க உனக்கு ஒண்ணு, அங்க மாப்பிள்ளைக்கு ஒண்ணுன்னு போட்டுட்டோம். அவர் பேச்ச மீறுவமா?"

கடையில் வேறு யாரும் இல்லை. மருந்தக்கா அவரிடம் சொன்னாள். அந்தச் சொல்லைத் தவிர அப்பாவுக்கு வேறு சொல் வராது என்று சொன்னாள். அவர் இடது கையால் வேண்டாம் என்று தள்ளப் பார்த்ததையும், தான் அமுக்கிப் பிடித்ததையும் சொன்னாள். நடத்துநர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"இத எதுக்கும்மா எங்கிட்ட சொல்ற?" என்றார். "ஜெயிச்சாச்சு. நாங்களும் சந்தோஷமா இருக்கோம். மாத்திரையக் குடு, பஸ் வந்துடும்."

அந்த வாரக் கடைசியில் இளையவள் வந்தாள். வாசலில் அக்காவைத் தாண்டி நேராக அப்பாவின் அறைக்குப் போனாள். படுக்கை விரிப்பை மாற்றவேண்டியிருந்தது. ஒருத்தி தோளையும் ஒருத்தி இடுப்பையும் பிடித்து அவரைப் புரட்டினார்கள். வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. பேசாமலே செய்யத் தெரியும்.

விரிப்பின் ஓரத்தைச் செருகிக்கொண்டே இளையவள் சொன்னாள்: "ஃபோட்டோக்காரன் இல்லக்கா. நான்தான் கைய எடுத்து வச்சேன். கனமா இருந்துச்சு. ரெண்டு தடவ நழுவிச்சு. மூணாவது தடவ பின்னாலேருந்து தலகாணிய முட்டுக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கிட்டேன்."

மருந்தக்கா அப்பாவின் இடது கையைக் காட்டினாள். "நான் இந்தக் கையப் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள். "வேண்டாம்னு சொன்னார். நான் விடல."

அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடது கையால் போர்வையை இழுத்து மார்பு வரை மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சமையலறையில் போய் அழுதாள். மருந்தக்கா பின்னாலேயே போய் அவள் முதுகில் கை வைத்தாள். இளையவள் அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அதிலிருந்து மகள்கள் ஊட்டினால் அவர் வாய் திறப்பதில்லை. மின்வேலைக்காரர் ஊட்டினால் சாப்பிடுவார். அவர் வேலைக்கு நடுவே ஸ்கூட்டரில் வந்து, கையைக் கழுவிக்கொண்டு, கம்பி இழுத்த கதை, ஷாக் அடித்த கதை எல்லாம் சொல்லி ஊட்டிவிட்டுப் போவார். "மாமா, சாயங்காலம் வர லேட்டாகும், கோவிச்சுக்காதீங்க" என்பார். மனைவியிடம் அதைப் பற்றி ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பணிமனை மசோதா சட்டமன்றத்துக்கு வந்தபோது மருந்தக்கா எதிர்த்துப் பேசினாள். நன்றாகப் பேசினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மசோதாவை ஒரு குழுவுக்கு அனுப்பித் தள்ளிவைத்தார்கள். விற்கவும் இல்லை, விற்கமாட்டோம் என்று சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உடைகூட மாற்றாமல் அப்பாவின் அறைக்குப் போனாள். கொஞ்சம் தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். யார் என்ன பேசினார்கள், யார் தூங்கி வழிந்தார், யார் அவளைப் பேசவிடாமல் கத்தினார், கடைசியில் எப்படித் தள்ளிவைத்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். எந்த இடத்திலும் கேள்வி வந்துவிடாமல் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். சரிதானேப்பா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அவள் சொல்லி முடிக்கும் வரை அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா, போதும் என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. சத்தமில்லாமல் எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு, அவருடைய சட்டைகளைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.