கூம்புகளுக்குள் ஒரு கார்

மாடிக் கார் நிறுத்தத்தின் படிக்கட்டில் உடைந்து கிடந்த பாட்டில் துண்டுகளைத் துப்புரவுக்காரி மரத்தூள் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள். மூத்திர நெடி மேல் தளம் வரைக்கும் ஏறியிருந்தது. காவலாளி மேல்படியில் நின்று குழாயால் தண்ணீர் அடித்தார். அந்த வேலையிலும் அவருடைய சட்டை இஸ்திரி கலையவில்லை. கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். வளையாத அந்த முதுகைப் பார்த்துத்தான் அவள் அவருக்கு மேஜர் என்று பெயர் வைத்திருந்தாள்.

"மேஜரண்ணே, கொஞ்சம் குனிஞ்சு அடிங்களேன். பட்டம் பறிபோயிடுமா?"

அவர் குழாயை மட்டும் தாழ்த்திப் பிடித்தார்.

அந்தப் பொதுக் கார் நிறுத்தத்துக்கு அவரை மாற்றிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் ஒரு வங்கி வாசலில் நின்றவர். மாற்றலைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. மகளைக் கொடுத்த இடத்தில் இன்னும் அவர் வங்கிக் காவலாளிதான்.

சாயங்காலமானால் மேல்தளத்தில் ஒரு கூட்டம் கூடிவிடும். டயர் தேயத் தேயக் காரை வட்டமடித்து ஓட்டுவார்கள், குடிப்பார்கள், பாட்டிலைப் படிக்கட்டில் வீசுவார்கள், வண்டி எடுக்க வரும் பெண்களை வழிமறித்துக் கேலி பேசுவார்கள். புகார்கள் குவிந்ததும் புது மேற்பார்வையாளர் ஒரு விதி கொண்டுவந்தார். நிறுத்திய வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. மீறினால் படம் எடுத்து, வாசலில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் எல்லோரும் பார்க்கப் போட வேண்டும்.

காவலாளி முதலில் மேல்தளத்துப் பையன்களைத்தான் எடுத்தார், வண்டி எண் தெரியும்படி. மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு அழித்தார். பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளாம். வேறு யாரையாவது பிடிக்கச் சொன்னார். படமே வராவிட்டால் வாசலுக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அதன் பிறகுதான் அவர் கீழ்த்தளத்தைச் சுற்றி வந்தார். கடைசித் தூணுக்குப் பின்னால் சாம்பல் நிறக் கார் ஒன்று. இருக்கையைச் சாய்த்துப் போட்டு, டையைத் தளர்த்திவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தவர் அவருடைய மாப்பிள்ளை. பக்கத்து இருக்கையில் மகள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா.

ஏதோ அலுவலக வேலையாக வந்திருப்பார் என்று அன்று நினைத்தார். மறுநாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கார் நின்றது, அதற்கடுத்த நாளும். பின்வாசலில் ஆள் கிடையாது, தடுப்புக் கம்பி தானாக எழும்பும். மாப்பிள்ளை அந்த வழியாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தார். மகள் வீட்டுக்குப் போனபோது, அலுவலகத்தில் வேலைக்கு மேல் வேலை, மனுஷன் துவண்டு போய் வருகிறார் என்று மகள் தன் மாமியார் காதில் விழும்படி பெருமையாகச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

மாப்பிள்ளையோடு அவர் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதே கிடையாது. மாப்பிள்ளை வந்தால் இவர் எழுந்துவிடுவார். கேட்பது, சொல்வது எல்லாம் மகள் வழியாகத்தான். அப்படிப்பட்டவரைக் கண்ணாடியில் தட்டி எழுப்பி, வண்டியை எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் மூலையில் கிடந்த ஆரஞ்சுக் கூம்புகளை எடுத்துவந்து காரைச் சுற்றி வைத்தார். "வேலை நடக்கிறது" என்ற பலகையைத் தூணில் மாட்டினார். கண் விழித்ததும் மாப்பிள்ளை கூம்புகளை ஒதுக்கிவிட்டுப் போவார். மறுநாள் கார் வந்து நின்ற பிறகு காவலாளி மறுபடி வைப்பார்.

"அங்க என்னண்ணே வேலை? ஒரு ஆணி அடிக்கிற சத்தத்தக்கூடக் காணோம்" என்றாள் துப்புரவுக்காரி.

மேலே குழாய் ஒழுகுகிறது என்றார். அவள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் அவள் கூட்டவில்லை.

மேற்பார்வையாளர் ஒருநாள் சொல்லாமல் வந்தார். தான் சொல்லாத வேலை தன் இடத்தில் நடப்பதாகப் பலகை சொல்லியது. கூம்புகளைத் தாண்டிப் போய்க் கைப்பேசியை உயர்த்தினார். வெளிச்சம் பட்டு மாப்பிள்ளை கண் விழித்தார். முதலில் மேற்பார்வையாளரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற சீருடையைப் பார்த்தார்.

"இந்த ஆளுக்காகவா பெரியவரே மறைப்புக் கட்டினீங்க?" மேற்பார்வையாளரின் குரலில் கோபம் இல்லை. "சொந்தக்காரர்னா சொல்லிடுங்க. இப்பவே அழிச்சிடறேன். நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான்."

துப்புரவுக்காரி துடைப்பத்தோடு நின்றாள். சீட்டுக் கொடுப்பவனும் வந்து நின்றான். காவலாளி முதுகை நிமிர்த்தினார்.

"யாருன்னு தெரியாதுங்க."

மாப்பிள்ளை இருக்கையை நேராக்கினார். டையை இறுக்கிக் கட்டினார்.

"எனக்கும் இங்க யாரையும் தெரியாதுங்க" என்றார். "இடம் காலியா இருந்துச்சு. கண்ணசந்துட்டேன்."

கார் வெளியே போகக் காவலாளிதான் கூம்புகளை நகர்த்தினார். கார் அவரை உரசுகிற தூரத்தில் போயிற்று. இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

"தெரியாதவருக்கா அண்ணே இத்தன நாள் காவல் இருந்தீங்க?" என்றாள் துப்புரவுக்காரி, எல்லோரும் போன பிறகு. அவர் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

மறுநாள் வாசல் திரை முழுக்க அந்த முகம் இருந்தது. திறந்த வாய், தளர்ந்த டை. கீழே "பொது இடத்தில் ஒழுங்கீனம்: அனுமதி இல்லை" என்று சிவப்பு எழுத்து. உள்ளே வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரையில் தூசி படிந்திருக்கிறது, துடைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் கிளம்பினார்.

காவலாளி முக்காலி போட்டு ஏறி, ஈரத்துணியால் அந்த முகத்தை நெற்றியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். பின்னால் ஒரு கார் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே பாட்டுச் சத்தம். மேல்தளத்துப் பையன்கள்.

"யாரு தாத்தா இந்தக் குடிகாரன்?" என்று ஒருவன் தலையை வெளியே நீட்டிக் கேட்டான்.

அவர் இறங்கி வந்து பொத்தானை அழுத்தினார். தடுப்புக் கம்பி எழும்பியது. கார் மேலே ஏறிப் போனது. கொஞ்ச நேரத்தில் டயர் தேயும் சத்தம் கேட்டது. அவர் துணியை அலசிப் பிழிந்து, மறுபடி முக்காலியில் ஏறி, கன்னத்தையும் தாடையையும் துடைத்தார். தூசி போனதும் முகம் தெருவின் அந்தக் கோடி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.