சந்திரலேகாவின் வண்டிப்பாதை

தில்லைநாதன் குடும்பத்தில் இதுவரை யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. தகராறு இல்லாத குடும்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூடத்தில் தொடங்கியது கூடத்திலேயே முடிந்துவிடும், வாசலுக்கு வராது. அப்படிப்பட்ட வீட்டின் பெயரை இப்போது சிதம்பரம் கோர்ட்டில் டவாலி உரக்கக் கூப்பிடுகிறான். வழக்குப் போட்டவளும் வேற்றாள் இல்லை. கூடப்பிறந்த தங்கை சந்திரலேகா.

வழக்கு ஒரு வண்டிப்பாதைக்காக. நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, உள்ளே இருந்த வயலைத் தகப்பனார் மகளுக்கு எழுதிவைத்தார். அதற்குப் போகிற வழி மகன் வயலின் ஓரமாக என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். அந்த வழியைத்தான் அண்ணன் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார்.

அடைத்ததற்கும் காரணம் இருந்தது. தில்லைநாதனின் மகன் செந்தமிழ்செல்வன் கல்யாணத்தன்று, தங்கையின் கணவர் ராஜவேல் கடலூர் முதுநகரிலிருந்து சீர்த்தட்டோடு மண்டபத்துக்கு வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து அவர் மச்சான் தில்லைநாதன் ஓர் அதிகாரியைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். பன்னீர் தெளிக்க நின்ற பெண்தான் ராஜவேலை ‘வாங்க’ என்றாள். மச்சான் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. ராஜவேல் தட்டை வைத்தார், கை நனைக்காமல் திரும்பினார். வீட்டு மாப்பிள்ளையை அழைக்கவில்லை என்பது அவருக்குக் குறை. வீட்டு மாப்பிள்ளை சாப்பிடாமல் போனார் என்பது இவருக்குக் குறை. அடுத்த வாரம் வேலி ஏறியது.

இப்போது சந்திரலேகாவின் சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. அறுவடை மிஷின் போக வேறு வழி கிடையாது. இனியும் விட்டால் மணி வயலிலேயே கொட்டிவிடும். தில்லைநாதன் தினமும் வரப்பில் நின்று அதைப் பார்த்தார். அப்பா கையால் கொடுத்த வயலில் விளைந்த நெல், வீணாகப் போகிறதே என்றிருந்தது. ஆனால் இப்போது வேலியைப் பிரித்தால், நோட்டீஸுக்குப் பயந்துவிட்டான் என்றல்லவா ஊர் பேசும்?

நீதிபதி வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். தில்லைநாதன் முகம் சுளித்தார்.

“எங்க வீட்டு விஷயத்த மூணாவது மனுஷன் பேசறதா?”

“அங்க பேசறது வெளிய வராதுங்கையா. ஜட்ஜுக்கே சொல்ல மாட்டாங்க,” என்றார் அவருடைய வக்கீல் சபாபதி. “ஒத்துவந்தா எழுதி முடிச்சிக்கலாம். இல்லன்னா கேசு பாட்டுக்கு நடக்கும்.”

வெளியே வராது என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவர் போனார்.

எங்கே போனாலும் முன்னதாகப் போவது அவர் பழக்கம். சமரச மையத்தில் வட்டமாக ஒரு மேசை கிடந்தது. வட்ட மேசையில் தலைமை இடம் எது என்று அவருக்குப் புரியவில்லை. சற்று யோசித்து, வாசலைப் பார்த்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சமரசம் பேச வந்த வெண்மதி அவரைவிட வயதில் மிகச் சின்னவள், அவளும் வக்கீல்தான்.

“யார் பேர்ல தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்யா. நீங்களே பேசித்தான் முடிக்கணும்,” என்றாள்.

“அப்ப நீ எதுக்கும்மா?”

“தொண்டை காஞ்சா தண்ணி குடுக்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

கதவு திறந்தது. ராஜவேல் வாசலில் நின்றார், பின்னால் சந்திரலேகா. அவ்வளவுதான், தில்லைநாதனின் உடம்பு தானாக எழுந்துவிட்டது.

“வாங்க மாப்ள, வாங்க! வா லேகா. உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க. அம்மா, தண்ணி குடும்மா.”

முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் அது தன் வீடு இல்லை என்பது அவருக்கு உறைத்தது. காது சூடேறியது.

ராஜவேல் தன் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். “மண்டபத்துல வராத வாய் கோர்ட்டுல வருது, பாத்தியா,” என்றார் மனைவியிடம்.

“கூப்புட்டாரு இல்ல? போய் உக்காருங்க. இதுக்கும் ஒரு நோட்டீஸ் விடணுமா?”

வெண்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். ராஜவேல் மடமடவென்று குடித்தார்.

அதன்பின் பேச்சு வழிக்கு வந்தது. தில்லைநாதன் குரலைச் சரிசெய்துகொண்டார்.

“வேலிய இன்னிக்கே எடுத்துடறேன். கேச வாபஸ் வாங்கிடுங்க. எழுத்தெல்லாம் வேணாம். என் வாய்ச்சொல்லு போதும்.”

“எழுதித்தான்ணா குடுக்கணும்,” என்றாள் சந்திரலேகா.

“என் வார்த்தைய நம்பலையா நீ?”

“உன்ன நம்பாம என்ன? நீ பத்து வேலி போடு, திட்டித் திட்டியே எடுக்க வச்சிருவேன். ஆனா உனக்கப்பறம்…” அவள் நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது. “வாயில வரக் கூடாததெல்லாம் வருது. உனக்கப்பறம் என் புள்ளைங்க உன் பையன் செல்வங்கிட்ட போயி, தாத்தா சொன்னாருன்னு நின்னா, அவன் எந்தத் தாத்தான்னு கேக்க மாட்டானா?”

செல்வம் அப்படிக் கேட்பானா? கேட்க மாட்டான் என்று சொல்லத் தில்லைநாதன் வாயெடுத்தார், முடியவில்லை. தகப்பனார் சொல்லிவிட்டுப் போனதும் வாய்ச்சொல்தான். அதை வேலி போட்டு அடைத்தது பேரன் இல்லை. வாய்ச்சொல்லின் பெருமையைப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகன். வெண்மதி பேனாவைத் தொடாமல் காத்திருந்தாள்.

“எழுதும்மா,” என்றார் கடைசியில். “ஆனா ‘தில்லைநாதன் வழிவிட ஒப்புக்கொள்கிறார்’னு போடாத. அது நான் குடுக்கற வழி இல்ல. ‘எங்கள் தகப்பனார் மகளுக்குக் கொடுத்த வழி’ன்னு போடு. மிஷின் போற அகலத்த நல்லா அளந்து போடு.”

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். தகப்பனார் பெயருக்கு முன் ‘திரு’ விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னார். பிறகு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் வயலைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்மணியைப் போனில் கூப்பிட்டார்.

“வேலியப் பிரிச்சிடு. மூலையில மிஷின் திரும்ப இடம் பத்தாது. நம்ம பக்கத்துப் பயிர மொதல்ல கையால அறுத்து இடம் பண்ணு… பச்சையா இருந்தா இருக்கட்டும்டா, அறு.”

பக்கத்தில் நின்ற ராஜவேல் பதறிவிட்டார். “உங்க பயிர எதுக்கு மச்சான் அறுக்கறீங்க? பேப்பர்ல எழுதின அகலம் போதுமே.”

“பேப்பரு கோர்ட்டுக்கு, மாப்ள. வயல் என்னுது. நீங்க சும்மா இருங்க.”