நன்றாக உடுத்தியிருக்கிறார்

காலை எட்டு மணிக்கே சலவைக் கடைக்குள் அனல் அடித்தது. ஆறு மாத வயிறு மேசை விளிம்பில் இடிக்காதபடி ஒருக்களித்து நின்று அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஊரார் உடுப்பெல்லாம் அவள் கைபட்டுத்தான் மிடுக்காக வெளியே போகும். அவளுக்கென்று இருந்தவை இரண்டே இரண்டு, இரண்டும் சாயம் போனவை. கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து, நான்கு மாதமாகப் படுத்த படுக்கை. வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. அதிலும் அவனுக்குப் போட்டது போக மிஞ்சினால்தான் அவளுக்கு.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அரசாங்கம் மாதாமாதம் பால்மாவு, பருப்பு, முட்டை தருகிறது என்று மருத்துவமனை நர்ஸ்தான் சொன்னாள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, ‘ரத்தம் மிகக் குறைவு’ என்ற சீட்டையும் அதன் பின்னால் குத்திக் கொடுத்தாள். அன்று அதை அரசு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அதே கடையில் துணி மடிக்கும் நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்தக் கோலத்துலயா போறீங்க அண்ணி? வாசல்லயே வெரட்டிடுவாங்க. துணிக்குத்தான் மரியாதைன்னு நமக்குத் தெரியாதா என்ன?”

“வேற துணிக்கு நான் எங்க போறது?”

“இந்தாங்க, இது சாயங்காலம்தான் டெலிவரி. போட்டுட்டுப் போயிட்டு வாங்க. மொதலாளி வர்றதுக்குள்ள திரும்ப மாட்டிடலாம்.”

யாரோ ஒரு வாடிக்கையாளரின் ஊதா நிற உடுப்பு. பளபளவென்று தொங்கியது. கழுத்துப் பட்டையில் குத்தியிருந்த எண் சீட்டை உள்பக்கமாக மடித்துவிட்டாள் நாத்தனார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், பாவம்.

அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் அம்மாள் இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலியில் இருப்பவள். ஒரு பைசா கை நீட்டி வாங்கியதில்லை. ‘இல்லாதவங்க வாயில போகவேண்டியதை இருக்கிறவன் தின்னுடக் கூடாது’ என்பாள். ஆள் உள்ளே நுழையும்போதே எடைபோட்டுவிடுவதாக அவளுக்கு ஒரு பெருமை. நல்ல மனுஷிதான், அதுதான் கொடுமை.

“வாங்கம்மா, உக்காருங்க” என்றாள்.

வாழ்நாளில் எந்த அலுவலகத்திலும் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாத்தனார் சொன்னது சரிதான் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். கழுத்தில் எண் சீட்டு குத்தியது. கூச்சத்தில் எதுவும் பேசவில்லை. அம்மாளும் எதுவும் கேட்கவில்லை. முதல் பக்கத்தோடு படிப்பதை நிறுத்தி, குறிப்பு எழுதும் கட்டத்தில் இரண்டு வரி எழுதி, “லெட்டர் வரும்மா” என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. உதவி தேவையில்லை என்று கண்டதால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டதாம்.

ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மறுநாளே ஓடினாள், இந்த முறை தன் சாயம் போன உடுப்பில். அம்மாள் கடிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் கடுகடுத்தது.

“நீங்கதானா அது? அன்னிக்கு ஜம்முனு வந்தீங்க. இல்லைன்னதும் கந்தல் கட்டிட்டு வேஷம் போடுறீங்களா? இந்த மாதிரி எத்தனை பேரைப் பாத்திருப்பேன்!”

‘வேஷம் அன்னிக்குப் போட்டதும்மா’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் வரிசையில் பின்னால் நின்றவள் கடைக்கு வாடிக்கையாகத் துணி போடுகிறவள். வாடிக்கையாளர் உடுப்பைப் போட்டுத் திரிந்தாள் என்று முதலாளி காதுக்கு எட்டினால் அன்றோடு வேலை போச்சு, இருக்கிற ஒரு வேளைச் சோறும் போச்சு. வார்த்தையை விழுங்கிவிட்டுத் திரும்பி நடந்தாள். தெருமுனைவரை அழவில்லை. அங்கே ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து, வயிற்றைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

எட்டாம் மாதமே வலி கண்டது. பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாய்க்குப் பால் ஊறவில்லை. உண்டால்தானே ஊறும்!

எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விவரத்தை மருத்துவமனை அந்த அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவது வழக்கம். தாயின் பெயர் ஏற்கெனவே பதிவில் இருக்கவே, அம்மாள் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். முதல் பக்கத்தில் தன் சொந்தக் கையெழுத்து: ‘நன்றாக உடுத்தியிருக்கிறார். வசதியானவராகத் தெரிகிறது.’ அதைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, பக்கத்தைப் புரட்டினாள். ரத்தம் மிகக் குறைவு என்ற சீட்டு குத்தியபடியே இருந்தது.

அன்று மதியமே புதிய விண்ணப்பத்தோடு மருத்துவமனைக்குப் போனாள். நர்ஸ் தாயிடம் எல்லாவற்றையும் முன்பே கேட்டு வைத்திருந்ததால், உடுப்புக் கதையையும் அவளே சொன்னாள். அம்மாள் கட்டிலருகே வந்து தலை குனிந்து நின்றாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“நீங்க ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேம்மா.”

“தப்புதான். இப்பவே கையெழுத்துப் போடு. உனக்கும் குழந்தைக்கும் நாளையிலேருந்து எல்லாம் வரும், நான் பொறுப்பு.”

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணாடிப் பெட்டிப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: “நாளையிலேருந்து வரும், சரி. எம்புள்ள வயித்துக்குள்ள பட்டினி கெடந்துச்சே, அந்த ரெண்டு மாசத்தை எந்த ஃபாரத்துலம்மா எழுதிக் கேக்குறது?”

அம்மாள் விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த நர்ஸிடம் உடைந்த குரலில் சொன்னாள்:

“பட்டினி கெடக்கிறவங்களுக்கும் மானம் இருக்கு சிஸ்டர். நாலு பேர் முன்னாடி நிக்கணும்னா, கடன் வாங்கியாவது நல்லா உடுத்திட்டுத்தான் வருவாங்க. ஆளைப் பாத்துப் பசியைக் கண்டுபிடிக்க முடியாது, உக்கார வெச்சுக் கேக்கணும். நான் கேக்கலை. அதுக்கு அந்தப் பச்சமண்ணு அங்க மூச்சுக்குத் தவிக்குது.”