மூன்றாம் சிலிண்டரில் என் கீறல்

என் மகளைக் கட்டியவர் டீசல் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்குப் பீங்கான் பூச்சுப் போடும் தொழில் தொடங்கினார். உள்ளே எரிகிற சூடு இரும்புக்கு ஏறாதாம், ஹெட்டில் விரிசல் விழாதாம். நாற்பது வருஷமாக எஞ்சின் பிரிக்கிறவன் நான். நம்பவில்லை.

முதல் ஹெட் என் பட்டறைக்குத்தான் பூட்ட வந்தது. ஒரு படகு முதலாளியுடையது. இது மூன்று மாதம் தாங்கினால் மீதி ஐந்து படகின் வேலையும் மருமகனுக்கு என்று பேச்சு. அதை நம்பி அவர் பார்த்த வேலையை விட்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஹெட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சுட்டீங்க? வீட்டுக்கு அடிச்சதுல மிச்சமா?" என்றேன். கூட வந்த முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

"பூச்சு மேல எதுவும் படாம பூட்டுங்க மாமா, அது போதும்," என்றார் மருமகன்.

எந்தச் சாமானையும் சுரண்டிப் பார்க்காமல் நான் பூட்டியதில்லை. அவர்கள் போனதும் மூன்றாம் சிலிண்டர் பக்கம் நகத்தை வைத்தேன். அசையவில்லை. அதோடு விட்டிருக்கலாம். சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஓரத்தில் அழுத்தி இழுத்தேன். பூச்சு எள்ளளவு பெயர்ந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஊதித் துடைத்துப் பூட்டிவிட்டேன்.

இருபதாம் நாள் படகு நடுக்கடலில் நின்றுபோக, கட்டி இழுத்து வந்தார்கள். ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவதில் மட்டும் பூச்சு உரிந்து, உள்ளே விழுந்து, பிஸ்டனைக் கோடு கோடாகக் கிழித்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"சுண்ணாம்பு அடிச்சு ஏமாத்திட்டியேடா!" முதலாளி கத்தினார். என் கேலி, அவர் வாயில்.

மருமகன் குனிந்து பார்த்தார். உரியாமல் நின்ற ஓரத்தில் இரட்டைக் கோடு இருந்தது. என் ஸ்க்ரூ டிரைவரின் முனை நடுவில் உடைந்தது, இழுத்தால் இரண்டு கோடு விழும். அவரும் அதை எத்தனையோ முறை வாங்கி வேலை பார்த்தவர். என் சட்டைப்பையைப் பார்த்தார். நிமிர்ந்து, "பூச்சு சரியா பிடிக்கலைங்க. என் தப்புதான்," என்றார்.

நான் ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த வால்வு.

அன்று வீட்டில் மகள் கேட்டாள்: "அவருக்குப் பழைய வேலையாவது திரும்பக் கிடைக்குமாப்பா?" பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் ஹெட்டைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். எல்லா ஆட்களும் இருக்கும்போதே, "கீறினது நான்தான்," என்றேன்.

முதலாளி சிரித்தார். "மருமகனைக் காப்பாத்த இந்த வயசுல பொய்யா பெரியவரே?"

ஸ்க்ரூ டிரைவரைக் கோட்டில் வைத்துக் காட்டினேன். அச்சாகப் பொருந்தியது. அவர் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"நேத்து பக்கத்துலதானே நின்னீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பிஸ்டன் செலவு என்னுது. அவருக்கு இன்னொரு ஹெட் குடுங்க," என்றேன்.

"குடுக்கறேன். ஆனா பூட்டறது நீங்க இல்ல."

அந்த ஹெட் மூன்று மாதம் தாங்கியது. மீதி ஐந்து படகின் ஹெட்டும் என் பட்டறை வாசலைத் தாண்டித்தான் அடுத்த தெருப் பட்டறைக்குப் போயின. மருமகன் இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை.