அழிக்க வேண்டிய வெளிச்சம்

முதல் நாள் எனக்கு ஒரு வட்டம்கூட வரவில்லை. பேனாவைப் பலகையில் வைத்து இழுத்தால் கோடு அங்கே விழாமல் எதிரே இருக்கும் திரையில் எங்கேயோ ஓடுகிறது. கை ஓரிடத்தில், பார்வை ஓரிடத்தில். நான் வரைந்ததை வட்டம் என்றும் சொல்ல முடியாது, முட்டை என்றும் சொல்ல முடியாது. யாரோ மிதித்துவிட்டுப் போன உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரி ஹெட்போனிலிருந்து ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சிரித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கொட்டாவி விட்டாள்.

அவளுக்கு நான் வைத்த பெயர் ஹெட்போன். நாள் முழுக்கக் காதில் அதுதான். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் எங்கள் பட்டறையில் சாருக்கு அடுத்தபடி அவள்தான். நாங்கள் செயற்கைக் கண் செய்கிறோம். ஒரு கண்ணை இழந்தவர் வந்தால், அவருடைய நல்ல கண்ணைக் கிட்டத்தில் படம் எடுப்போம். ஹெட்போன் அதைப் பார்த்து கருவிழியைத் திரையில் வரைந்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக அச்சடித்துக் கொடுப்பாள். சார் அதை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பதித்து, மேலே பளிங்கு மாதிரி பூச்சு ஊற்றி மெருகேற்றுவார். எனக்கு முன்னறையில் வேலை. போனை எடுத்து, பதினொரு மணிக்கு வாருங்கள், மூன்று மணிக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு வட்டம் வரையத் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அடுத்து வரப்போகிற கண் என் அக்காவுடையது. நான்கு மாதத்துக்கு முன்னால் கார் விபத்தில் கண்ணாடி தெறித்து அவளுடைய இடது கண்ணை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கண்ணை நான்தான் வரைவேன் என்று சாரிடம் அடம் பிடித்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூன்று வாரம் கொடுத்தார். அதற்குள் வரவில்லையென்றால் ஹெட்போன் வரைவாள் என்றார். ஹெட்போன் தோளைக் குலுக்கினாள்.

அக்காவின் முகம் அழகாக வேண்டும் என்பதற்காக நான் இதில் இறங்கவில்லை. அவளுக்கு நான்கு வயதில் ஒரு வாண்டு இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா திரும்பிய நாளிலிருந்து அந்தக் குழந்தை அவளுடைய வலது பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். சாப்பிடுவது வலது பக்கம், படுப்பது வலது பக்கம். அக்கா திரும்பினால் வாண்டும் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், தலைமுடியை முன்னால் விட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அழுகிற ரகம் இல்லை என் அக்கா. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“அவ என்னைப் பாதிதான் பாக்குறாடி.”

அந்த வாரமே பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

ஹெட்போன் சொல்லிக்கொடுக்கிற விதம் யாருக்கும் வரக்கூடாது. ஒருமுறைதான் சொல்வாள், அதுவும் திரையைப் பார்த்துக்கொண்டே. பிரஷ் இது, அழிப்பது இது, நிறத்தை உறிஞ்சி எடுக்கிற சொட்டுக்குழல் இது. அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாக விட்டால் மெலியும். லேயர் என்றால் கண்ணாடித் தாள். தாளுக்கு மேல் தாள் வைத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்துகொண்டே போக வேண்டும், ஒன்றில் தப்பு செய்தால் மற்றது கெடாது. ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் குட்டியாக ஒரு கண் படம் இருக்கும். அதைத் தொட்டால் அந்த லேயர் மறையும், மறுபடி தொட்டால் வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நுணுக்கி நுணுக்கி வரைந்த அத்தனை பழுப்பு இழையையும் புதுத் தாளில் வரையாமல் அடியிலிருந்த போட்டோவின் மேலேயே வரைந்து வைத்திருந்தேன். ஹெட்போன் அதைப் பார்த்துவிட்டு, “மேடம், மறுபடியும்” என்றாள். அந்த மேடத்தில் அவ்வளவு நக்கல். இவளுக்கெல்லாம் ஒரு நாள் இருக்கிறது என்று கருவிக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தேன்.

செய்ததைத் திருப்பி எடுக்கிற இரண்டு விசைகள்தான் எனக்கு முதலில் கைவந்தவை. அது எப்படிப் பழகிப்போயிற்று என்றால், வீட்டில் பால் பொங்கி வழிந்தபோது என் இடது கைவிரல் இரண்டும் தானாக மேடையை அழுத்திக்கொண்டு நின்றன. அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை.

இரண்டாவது வாரத்தில் என்னவோ ஆயிற்று. படத்தை எண்ணூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிட்டால் அங்கே கண் என்று ஒன்று கிடையாது. தேன் நிறத்தில் ஒரு நிலம். அதில் நடுவிலிருந்து வெளியே ஓடுகிற ஆயிரம் இழைகள், தண்ணீருக்கடியில் இருப்பவை போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். சில இடத்தில் இழை விலகிக் குழி விழுந்திருக்கும். குழிக்குள் இன்னும் அடர்ந்த பழுப்பு. நான் பேனாவை வைத்தபடி ஓர் இழையின் கூடவே போவேன். அது வளைந்தால் வளைவேன், நின்றால் நிற்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போனால் வெளியே வர மனசு இருக்காது. முன்னறையில் போன் அடிப்பது பக்கத்து வீட்டில் அடிப்பது போலக் கேட்கும். ஒருமுறை எடுத்து, “இன்னும் கொஞ்சம் பச்சை வேணும்” என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் இருந்தவர் பாவம், சரி என்று வைத்துவிட்டார்.

பச்சை நிஜமாகவே இருந்தது. அக்காவுக்குச் சாதாரணப் பழுப்புக் கண் என்றுதான் நினைத்திருந்தேன். நடுவில் இருக்கும் கறுப்பை ஒட்டி, மழைக்குப் பிறகு சுவரில் படருமே, அந்த மாதிரி ஒரு பச்சை வளையம். முப்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டில், பிறகு அடுத்த தெருவில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. தூக்கத்திலும் அந்தத் தேன் நிலத்தில் நடந்துகொண்டிருந்தேன். அக்கா எங்கேயோ பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பாள், ஆள் தெரியாது. பயமாக இல்லை, இதமாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் முடிய இரண்டு நாள் இருந்தபோது கண் வந்துவிட்டது. ஆனால் என்னவோ குறைந்தது. எல்லா இழையும் இருக்கிறது, பச்சை இருக்கிறது, உயிர் மட்டும் இல்லை. அடியிலிருந்த போட்டோவைத் திறந்து பார்த்தேன். அக்காவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துப் படம் எடுத்திருந்ததால், கறுப்பின் ஓரத்தில் அந்த ஜன்னல் வெள்ளையாக, நான்கு சட்டமும் தெரிய விழுந்திருந்தது. புதிதாக ஒரு லேயர் போட்டு அதே இடத்தில் அதை வரைந்தேன். அவ்வளவுதான், கண் என்னைப் பார்த்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணீர் வந்தது. சந்தோஷம்தான்.

ஹெட்போன் வந்து பார்த்தாள். முதல்முறையாக இரண்டு காதையும் விடுவித்தாள். நன்றாக வந்திருக்கிறது என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே எனக்கு எவரெஸ்ட். பிறகு ஜன்னலைக் காட்டிச் சொன்னாள்.

“வெளிச்சம் நம்ம வேலை இல்ல மேடம். பிரிண்ட் குடுக்கறப்போ அந்த லேயரை மூடிடுங்க.”

மறுநாள் அவளுக்கு விடுமுறை. அச்சு கொடுக்க நான் மட்டும்தான் இருந்தேன். பக்கத்திலிருந்த குட்டிக் கண்ணைத் தொட்டேன். ஜன்னல் மறைந்தது. அக்கா செத்துப்போன மாதிரி இருந்தது. திரும்பத் தொட்டேன், அக்கா வந்துவிட்டாள். இப்படி நாலைந்து தடவை. கடுகளவு வெளிச்சம், அது இருந்தால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன். திறந்தே விட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

சாரும் கவனிக்கவில்லை. மெருகேற்றுகிற விளக்குக்குக் கீழே எந்தக் கண்ணும் மின்னத்தான் செய்யும். கண்ணைப் பொருத்திக்கொண்ட அக்கா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். அன்று சாயங்காலம் வாண்டு அவளைத் தூரத்தில் நின்று பார்த்தது. ஓர் அடி முன்னால் வந்தது. நான் சமையலறையில் நின்றுகொண்டு, இவ்வளவு நாள் பட்ட பாடு வீண்போகவில்லை என்று மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அக்காவும் வாண்டும் படுத்திருந்தார்கள். அரை இருட்டு. நான் வெளியே பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன். வாண்டு சத்தமில்லாமல் எழுந்து வந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டது. என்ன என்று கேட்டேன்.

“அம்மா கண்ணுல ஜன்னல் இருக்கு” என்றது. “மூடவே மாட்டேங்குது.”

உள்ளே போய்ப் பார்த்தேன். கண்ணில் மின்னுகிற அளவுக்கு அறையில் வெளிச்சம் இல்லை. அக்காவின் வலது கண் இருட்டோடு இருட்டாக இருந்தது. இடது கண்ணில் மட்டும் நான்கு சட்டத்தோடு ஒரு பகல் ஜன்னல், வெள்ளை வெளேரென்று. அக்கா எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் அது அதே இடத்தில் நின்றது. குழந்தை பயப்படாமல் என்ன செய்யும்? பாவி, இதைச் செய்தது நான்தானே.

அதன் பிறகு வாண்டு வலது பக்கமும் வரவில்லை. தன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டே திரிந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் கண்ணைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, முன்பு சார் தற்காலிகமாகக் கொடுத்திருந்த வெறும் வெள்ளை மூடியைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டாள். நான் நன்றாகத்தான் வரைந்திருந்தேன் என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மேலே ஊற்றுகிற பூச்சு எதிரில் இருப்பதையெல்லாம் கண்ணாடி போலத் தானாகவே வாங்கிக்கொள்ளும், நாம் முன்கூட்டியே எதையும் போட்டுவைக்கக் கூடாது என்றார். இந்தத் தடவை ஹெட்போன் வரையட்டுமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஹெட்போன், மேடமே முடிக்கட்டும் என்றாள். அவளைக் கருவினதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜன்னல் லேயரை மூடுவது ஒரு தொடுகை. ஆனால் மூடிவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் நான் வரைந்திருந்த இழைகள் சும்மா ஒப்புக்கு இருந்தன. அடியிலிருந்த போட்டோவிலும் அங்கே ஜன்னல்தான், அதனால் அதற்குக் கீழே உண்மையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் கண்டதைக் கிறுக்கி வைத்திருக்கிறேன். எப்படியும் ஜன்னல் மறைத்துவிடும் என்ற தைரியம். இனி அக்காவை நேரில்தான் பார்க்க வேண்டும்.

அவளைப் பட்டறைக்கு வரச்சொன்னேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டு இழைகளைத் தேட ஆரம்பித்தேன். அக்கா என் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“நீயும் அந்தப் பக்கம்தான் உக்காருற.”

குனிந்து பார்த்தேன். என் நாற்காலி அவளுடைய வலது தோளுக்கு நேராகக் கிடந்தது. யாரும் அங்கே போடச் சொல்லவில்லை. வீட்டிலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது, நான்கு மாதமாக. குழந்தைக்காக உருகி உருகிப் பேனா பிடித்தவள் நான். எண்ணூறு சதவீதத்துக்கு அவளைப் பெரிதாக்கிப் பார்த்தவள். அவள் முகத்தை நேருக்கு நேர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியை நகர்த்தி எதிரில் போட்டேன். அக்காவைப் பார்த்தேன், பழுப்பையும் வெள்ளையையும் சேர்த்து. இமையோரம் தையல் போட்ட இடத்தில் சின்னதாக ஒரு வடு இருந்தது, அதையும் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஹெட்போன் எப்போது எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள் என்றும் தெரியாது. பிறகு அக்கா, அழுதது போதும், வரை என்றாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது.

ஜன்னல் இருந்த இடத்தில் பதினேழு இழைகள் இருந்தன. அதில் ஒன்று கிளையாகப் பிரிந்திருந்தது. எல்லாவற்றையும் வரைந்தேன். முடித்தபோது திரையில் இருந்த கண் மந்தமாக, யாரையும் பார்க்காமல் இருந்தது. இந்த முறை அதற்காக எதையும் சேர்க்கவில்லை. அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.

புதுக் கண் வந்த அன்று காலையில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். வாண்டின் சட்டைப் பொத்தான் மேலும் கீழும் மாறிக் கிடந்தது. அக்கா அதைக் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பொத்தான் போட வேண்டுமானால் வா என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். வாண்டு அப்பாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. போ கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன், அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

வாண்டு வந்தது. முதலில் பக்கவாட்டில்தான் நின்றது. அக்கா பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள், மூன்றாவது பொத்தானுக்கு அது எதிரே வர வேண்டியிருந்தது. வந்து, அவளுடைய இடது கண்ணை நிமிர்ந்து பார்த்தது. ஜன்னல் இருக்கிறதா என்று தேடியது போல. இன்னும் கிட்டே போயிற்று. இன்னும் கிட்டே. மூக்கும் மூக்கும் இடிக்கிற அளவுக்கு.

“என் மூக்கு ஏம்மா இவ்ளோ பெருசா இருக்கு?”

வாண்டு அக்காவின் கன்னம் இரண்டையும் கையால் பிடித்துக்கொண்டு, வலது கண்ணுக்குப் போய்ப் பார்த்தது. அதிலும் மூக்கு பெரிதாகத்தான் இருந்தது போலிருக்கிறது. மறுபடி இடது கண்ணுக்கு வந்தது. நாக்கை நீட்டிப் பார்த்தது. அப்புறம் வலது. அப்புறம் இடது. பொத்தான் போட்டு முடிக்க அன்று வெகு நேரமாயிற்று.